கத்தி வேணாம் என்றேன்

அயர்லாந்தில் டாக்டர் கழுத்தில் கை வைக்கும் முன் "தொடலாமா?" என்று கேட்கிறார். சளி என்று போனாலும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஆறு வருடமாக இங்கே நர்ஸாக இருக்கிறேன், இன்னும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நானோ எங்கள் மலையூரான நெல்லிவாசல்நாட்டில் இருக்கும் என் தம்பி குமரேசனின் கழுத்துக் கட்டியைத் தொடாமலே, போனில் பார்த்தே நோயைச் சொன்னவள்.

சாயங்காலமானால் அவனுக்குக் காய்ச்சல், உடம்பும் இளைத்திருந்தது. ஊசி குத்தி எடுத்த சோதனையில் டிபி போலத் தெரிகிறது, ஆனாலும் ஒரு கட்டியை முழுசாக அறுத்தெடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்று டவுன் டாக்டர் சொல்லியிருந்தார்.

"கத்தி பட்டா பரவும்னு எல்லாரும் பயப்பட்றாங்கக்கா. நீ இன்னா சொல்ற?"

"நம்ம பக்கம் கழுத்துல கட்டின்னா டிபிதாண்டா. மாத்திரைய ஆரம்பி, கத்தியெல்லாம் வேணாம்," என்றேன்.

என்ன தெனாவெட்டு எனக்கு! இங்கே ஒரு நோயாளியிடம் அப்படிச் சொல்லியிருந்தால் வேலையே போயிருக்கும். மலைக்காரனுக்கு டிபிதான் வரும் என்று ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

முதலில் கட்டி கொஞ்சம் வற்றியது. ஐந்தாம் மாதம் அக்குளிலும் வந்தது. அப்புறம்தான் அறுத்துப் பார்த்தார்கள். லிம்போமா. நெறிகளில் வரும் புற்றுநோய், டிபி வேஷம் போட்டுக்கொண்டு அவனைத் தின்றிருக்கிறது. குணமாக்கப் பார்க்கலாம், முன்பே தெரிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். லீவு கேட்கப் போனேன். "உங்கள் மலையில் டாக்டரே இல்லையா, பாவம்," என்று தலைமை நர்ஸ் நோரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையாட்டினேன். சரியாகச் சொன்ன டாக்டரையும் என் ஊரையும் காட்டிக்கொடுத்து லீவு வாங்கினேன். வெட்கக்கேடு!

போன மாதம் அவனைக் கீமோவுக்குக் கூட்டிப்போக ஷேர் ஜீப்புக்கு நின்றோம். "வெளிநாட்டு நர்ஸம்மா, முன்னாடி குந்துங்க," என்று டிரைவர் துண்டால் சீட்டைத் துடைத்தார். குமரேசன் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னான்: "எங்கக்கா சொல்லித்தான் வைத்தியமே பாத்தேன். இல்லாங்காட்டி போய்ச் சேந்திருப்பேன்."

"டேய், நான்தாண்டா உன்ன..."

"ஏறுக்கா, நேரமாவுது."

ஏறிவிட்டேன். பின்னால் பதினோரு பேர் நெருக்கியடித்து அவனுக்கு இடம் விட்டார்கள், யாரோ தோள் கொடுத்துச் சாய்த்துக்கொண்டார்கள். நானும் பின்னால் ஏறியிருக்கலாம். அவன் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, முன்சீட்டில் விருந்தாளியாக மலையிறங்கினேன்.