சாக்கின் மீசையும் ஆளில்லாத வசனமும்

1. கனகத்தின் பாஸ்

மாரி தொடங்கிய கிழமை. காலையில் ஸ்டோர் மனேஜர் வந்து கனகத்தின் கேட் பாஸை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீர் நாளைக்கு வரத் தேவையில்லை. சவர பிளேட்டால சாக்கை வெட்டி அரிசி எடுத்திருக்கிறீர். கொழும்புக்கு ரிப்போர்ட் போகுது."

கனகம் கிளிவெட்டியிலிருந்து வந்தவள். அந்தப் போகம் அவர்களின் வயலை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அவள் அழவில்லை. கையில் ஊசியோடு அப்படியே நின்றாள்.

நாங்கள் ஆறு பெண்கள். துறைமுகத்தில் இறங்கும் அரிசிச் சாக்குகளில் கிழிந்ததைத் தைப்பது எங்கள் வேலை. ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இருந்த ஸ்டோருக்குள் வரிசையாகக் குந்தியிருந்து, சாக்கூசியும் சணல் நூலுமாக நாள் முழுவதும் தைப்போம். வாய் சும்மா இருக்காது. என் வாய் மற்ற ஐந்துக்கும் சமம்.

அன்று முப்பத்திரண்டு சாக்கு கிழிந்து கிடந்தது. கனகம் இருந்த மூலைக்குப் பக்கத்தில் கிடந்ததுதான் அவள் செய்த குற்றம்.

2. இங்கிலீசில கிழியும்

இந்த இடத்தில் றஹீம் கிளாக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிண்ணியாக்காரர். சாக்கு எண்ணிக் கணக்கெடுத்து ரிப்போர்ட் டைப் அடிப்பவர். எங்கள் வரிசை முடியும் இடத்தில், மனேஜரின் அறை வாசலில் இருந்த அவருடைய மேசைக்குக் கீழேதான் நான் இருந்து தைப்பேன். அவர் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் அடிப்பார். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் காதால் இங்கிலீசு படித்தது அந்த மேசைக்குக் கீழேதான்.

எல்லா வசனமும் ஒரே மாதிரித்தான் வரும். முதலில் ஒரு 'வாஸ்' அல்லது 'வேர்'. அதற்குப் பிறகு முடிந்துபோன ஒரு வேலை: ஏற்றியது லோடட், பழுதானது டமேஜ்ட், கிழிந்தது டோர்ன். அதற்குப் பிறகு ஒரு வால். கப்பலின் வயிற்றுக்குள் என்றால் 'இன் த ஹோல்ட்', தண்ணீரால் என்றால் 'பை வோட்டர்'. ரயில் மாதிரி எஞ்சின் ஒன்று, பெட்டி ஒன்று, பின்னால் கொளுவிய வண்டி ஒன்று. எத்தனை வண்டியும் கொளுவலாம்.

ஒருநாள் "பதினாலு சாக்கு கப்பலுக்குள் கிழிந்து காணப்பட்டன" என்ற அர்த்தத்தில் ஒன்றை அடித்தார். நான் கீழிருந்து தலையை நீட்டினேன்.

"கிளாக்கர், கிழிச்சது ஆர்?"

"அது எழுதத் தேவையில்லையக்கா."

"ஆளில்லாமல் சாக்குத் தன்ர பாட்டுக்குக் கிழியுமோ?"

"இங்கிலீசில கிழியும்."

நான் மலைத்துப் போனேன். உள்துறைமுகத்தில் எத்தனையோ கப்பல் பார்த்திருக்கிறேன். மாலுமி இல்லாமல் தானே வந்து கரையைத் தொட்ட கப்பல் ஒன்றையும் பார்த்ததில்லை. இவருடைய டைப்ரைட்டரில் ஒரு நாளைக்குப் பத்துக் கப்பல் அப்படி வந்து போனது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் "கோப்பை உடைஞ்சு போச்சு" என்றுதான் சொல்லும். அடி விழும். அதையே இங்கிலீசில் அடித்து ரப்பர் முத்திரை குத்தினால் கொழும்பு நம்புகிறது. அதுதான் பெரிய புதினம்.

'பை' என்ற வாலுக்குப் பின்னால் ஆளையும் வைக்கலாம் என்று கிளாக்கர் சொல்லித் தந்திருந்தார். ஆனால் நான் அங்கே இருந்த அத்தனை வருடத்திலும் அந்த வாலில் மழையும் எலியும் உப்புத் தண்ணியும் வந்ததே தவிர, மனிதர் வந்ததில்லை.

கனகத்தின் பாஸ் போன அன்றுதான் முதல் முதல் ஒரு மனிதர் வந்தார். கிளாக்கர் முணுமுணுத்துக்கொண்டு அடித்தார்: "வேர் கட்... வித் எ பிளேட்... பை..." கனகத்தின் பெயர் வர வேண்டிய அந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது. கீழே குனிந்து என்னைப் பார்த்தார்.

3. மீசை

நான் ஒரு கிழிந்த சாக்கை இழுத்துக்கொண்டு மனேஜரின் அறைக்குப் போனேன்.

"சேர், கோவிக்காதேங்கோ. நீங்கள் இண்டைக்குச் சவரம் செய்தனீங்களோ?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர், பூமணி?"

"உங்கட கன்னம் வழுவழுவெண்டு இருக்கு. பிளேட் பட்ட இடம் அப்பிடித்தான் இருக்கும். இந்தச் சாக்கைப் பாருங்கோ. மீசை வைச்சிருக்கு."

கிழிசலை விரித்துக் காட்டினேன். பிளேட்டால் வெட்டினால் சணல் இழைகள் ஒரே மட்டமாக நிற்கும். கொக்கி போட்டு இழுத்தால் ஓர் இழை நீளம், ஓர் இழை கட்டை, எல்லாம் வெளியே பிய்ந்து தொங்கும். அதைத்தான் நாங்கள் மீசை என்போம். மீசைக் கிழிசலுக்கு இரட்டைத் தையல், மழித்த கிழிசலுக்கு ஒற்றைத் தையல். கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவோம்.

"அதோட, எங்களில ஒருத்தியும் பிளேட் கொண்டாறேல்லை. கேட்டில விடமாட்டினம். நூலைப் பல்லாலதான் கடிக்கிறனாங்கள். வேணுமெண்டால் கனகத்தின்ர முன்பல்லைப் பாருங்கோ, சணல் நூல் அறுத்த காவி கிடக்கு."

மனேஜர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். எழுந்து வந்து பத்துப் பன்னிரண்டு சாக்கைத் தானே தடவிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மீசை.

"சரி. பிளேட் இல்லை, கொக்கி" என்றார். "றஹீம், மாத்தி அடியும். வேர் டோர்ன் வித் ஹூக்ஸ் பை த அன்லோடிங் காங்."

பார்ஜ் படகிலிருந்து சாக்கு இறக்கும் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் என் சொந்தத் தம்பி இராசன். கனகத்தைத் தூக்கிவிட்ட என் கையாலேயே அவனைத் தள்ளிவிட்டேன்.

4. வரிசை

அரிசிச் சாக்குக்குக் கொக்கி போடக் கூடாது, இரண்டு பேர் கையால் தூக்க வேண்டும். அது அங்கே சட்டம். அதற்கு முதல்நாள் பின்னேரம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மனேஜர் படகு அணையும் ஜெட்டியில் குடையோடு நின்று கத்தினார். "கொக்கியைப் போட்டு இழுங்கோடா! மழை வருது!" என் தம்பி, "சேர், அரிசிக்குக் கொக்கி கூடாதே" என்று சொன்னதும் ஸ்டோருக்குள் இருந்த எங்களுக்குக் கேட்டது. "சொன்னதைச் செய்!" என்றதும் கேட்டது.

கிளாக்கர் புதுக் கடதாசி வைத்தார். நான் போகாமல் நின்றேன்.

"இன்னும் என்ன?" என்றார் மனேஜர்.

"ஒண்டுமில்லை, சேர். ஆளைப் போடுறதெண்டால் வரிசையாப் போட்டால் வடிவாயிருக்கும். கிழிச்சது கொக்கி. கொக்கியைப் பிடிச்சது என்ர தம்பி. பிடியடா எண்டு சொன்னது..."

ஊசித் துளையில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டேன். நூல் இல்லாத ஊசி அது. இனி என் பாஸும் போகும் என்று நினைத்தேன்.

தகரக் கூரையில் மழை பெய்தது. மனேஜர் வெளியே ஜெட்டியைப் பார்த்தார். பிறகு கனகத்தின் பாஸை எடுத்து மேசையில் வைத்தார்.

"றஹீம், எழுதும். தேர்ட்டி டூ பேக்ஸ் வேர் பவுண்ட் டோர்ன் ஒன் அரைவல் அட் த ஸ்டோர்."

ஸ்டோருக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்திரண்டு சாக்கு கிழிந்து காணப்பட்டன. அவ்வளவுதான். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு மனிதரும் இல்லை. நான் வாய் பிளந்து நின்றேன். ஒரு விரல் நீள வசனத்துக்குள் கனகமும் என் தம்பியும் மனேஜரும் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். ஒருவருடைய தலையும் வெளியே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அரிசிக்குக் கொக்கி போடும்படி அந்த ஸ்டோரில் யாரும் சொல்லவில்லை. எவ்வளவு மழை வந்தாலும்.

5. என் கடதாசி

நான் வேலையை விட்ட நாளில் றஹீம் கிளாக்கர் எனக்கு ஒரு கடதாசி அடித்துத் தந்தார். அப்போது அவருக்கும் தலை நரைத்திருந்தது. வாசித்துக் காட்டினார். நான் இந்த ஸ்டோரில் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தேனாம். என் வேலை திருப்தியாகக் காணப்பட்டதாம். வேர்க் வாஸ் பவுண்ட் சட்டிஸ்பெக்டரி.

"கண்டது ஆர், கிளாக்கர்?"

அவர் சிரித்தார். "இதுக்கும் ஆள் வேணுமோ?"

"ஓம். இதுக்கு வேணும். நான் என்ன கிழிஞ்ச சாக்கே?"

அவர் பேனையை எடுத்தார். டைப் அடித்த வரிக்குப் பின்னால் தன் கையால் 'பை மீ', 'என்னால்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். மனேஜருக்குக் காட்டவுமில்லை, முத்திரை குத்தவுமில்லை.

கந்தோர்களில் இப்போது ரிப்போர்ட் அடிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கிழவி சொல்வது இதுதான். பழி எழுதுவதென்றால் முதலில் எழுந்துபோய்ச் சாக்கைத் தடவிப் பாருங்கள். அந்த வாலில் ஓர் ஆளைக் கொளுவத்தான் வேண்டுமென்றால், வரிசையின் கடைசி ஆள்வரை போங்கள். நல்லது எழுதுவதென்றால் யோசிக்க வேண்டாம், உங்கள் பெயரைப் போட்டுவிடுங்கள். அந்தக் கடதாசி இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது அந்த இரண்டு சொல் மட்டும்தான்.