கொம்யூன் பூங்காவில் நான் பட்ட பாடு

ஜனங்களை வேலை செய்ய வைப்பது சுலபம், சும்மா உட்கார வைப்பதுதான் கஷ்டம் என்பது பூங்கா அதிகாரியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன ஐம்பத்துநாலுக்குப் பிறகு, பாகூர்ப் பக்கத்தில் ஒரு கொம்யூனில், அதாவது பிரெஞ்சுக் காலத்துப் பஞ்சாயத்தில், நான் குமாஸ்தா. பழைய கோப்புகளெல்லாம் பிரெஞ்சில், புது உத்தரவுகளெல்லாம் ஆங்கிலத்தில். இரண்டையும் தட்டுத்தடுமாறிப் படிப்பேன் என்ற குற்றத்துக்காக 'பூங்கா மற்றும் பொழுதுபோக்கு' என்ற புது இலாகாவை என் தலையில் கட்டினார்கள். இலாகா என்றால் நான், தோட்டக்காரர் காசி, ஒரு பூவாளி. பொது இடத்தில் ஒரே ஒரு பூச்செடியாவது நட்டுப் பார்த்தவர்கள் மேலே படியுங்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

பச்சைப் புல்

முதலில் புல்தரை போட்டோம். காசி மூன்று மாதம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அதை வளர்த்தார். மேயர் வந்து திறந்து வைப்பதற்கு முந்தின நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், பதினோரு ஆடுகள் வரிசையாக நின்று மேய்கின்றன. நடுவில் ஒரு அம்மாள் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். காசி தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா இது அக்கிரமம்?" என்று கோபமாகக் கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதான தம்பி தண்டோரா போட்டீங்க, ஜனங்களுக்காக சர்க்காரு புல்லு வளத்திருக்குதுன்னு? மனுசனா புல்லு துன்னுவான்?"

வயது வரம்பு

அடுத்து இரண்டு ஊஞ்சல் வந்தன. குழந்தைகள் ஆடட்டும் என்று உயரம் குறைத்துத்தான் மாட்டினேன். நடவுக் காலம். எங்கள் ஊரான செலியமேட்டு வயல்களிலிருந்து திரும்பும் பெண்கள் கணுக்காலில் சேறு காயாமல் பூங்காவுக்குள் வந்து, முறை வைத்து ஆட ஆரம்பித்தார்கள். குழந்தைகள் வாயில் விரல் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றன. பெற்றோர் மேயரிடம் புகார் செய்தார்கள். மேயர் என்னைக் கூப்பிட்டு, ஊஞ்சல் அறுந்து யாராவது விழுந்தால் என் வேலை போய்விடும் என்று எச்சரித்தார். அன்றைக்கே 'பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்' என்று பலகை எழுதி மாட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் அஞ்சலை என்ற பெண் ஆடிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். உடன் வந்த பெண்கள் என்னைக் கண்டதும் நழுவிவிட்டார்கள். அவள் மட்டும் இறங்கவில்லை. பலகையைக் காட்டினேன். படிக்கத் தெரியாது என்றாள். நானே உரக்கப் படித்தேன். அவள் காலைத் தரையில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினாள். சண்டைக்கு வரப்போகிறாள் என்று நான் ஓரடி பின்வாங்கினேன். அவள் சண்டை போடவில்லை. "பன்னெண்டு வயசுலதான் சார் எனக்குக் கண்ணாலம் கட்டி வச்சாங்க. அப்ப இங்க ஊஞ்சல் இல்ல. நா இன்னா பண்றது?" என்றாள்.

பலகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். காசியை விட்டு இன்னும் தடித்த கயிறாக மாட்டச் சொன்னேன். மூன்று மணி முதல் ஐந்து மணி வரை குழந்தைகள், அதற்குப் பிறகு பெரியவர்கள் என்று மேயரிடம் மன்றாடி உத்தரவு வாங்கினேன். செய்தியைக் கேட்ட அஞ்சலை, "அஞ்சு மணிக்கு மேல ஒலை வைக்கணும் சார். நாலு ஆக்குங்க" என்றாள்.

யோசனைப் புத்தகம்

பொதுமக்கள் யோசனை எழுத ஒரு நோட்டுப் புத்தகத்தை வாசலில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு வருடத்தில் பென்சில்தான் ஏழு முறை காணாமல் போனது. எழுதப்பட்ட யோசனை ஒன்றே ஒன்று: "பூங்கா நல்லா இருக்குது. எங்க வூட்டுக்குத்தான் தூரம். வூட்டாண்ட கொண்டாந்து வைக்கவும்."

புயல் சொன்ன பெட்டி

பூங்காவில் பொது ரேடியோ வைத்த பிறகு, கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் சாயங்காலச் செய்திக்கு நடந்தே வந்தார்கள். ஒருநாள் ரேடியோ கனத்த தமிழில் வானிலை வாசித்தது. அவர்களுக்கு அது விளங்கவில்லை. தனபால் என்ற பெரியவர் என்னிடம் அர்த்தம் கேட்டார். "புயல் வருகிறது, யாரும் கடலுக்குப் போகவேண்டாம்" என்றேன். இரண்டு நாள் ஒரு கட்டுமரமும் கரையை விட்டு இறங்கவில்லை. புயல் வேறெங்கோ போய்விட்டது. ரேடியோ கேட்காத பக்கத்துக் குப்பத்தார் கடலுக்குப் போய் வலை கொள்ளாமல் மீனோடு திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் குப்பமே திரண்டு பூங்காவுக்கு வந்தது. நான் ரோஜாச் செடிக்குப் பின்னால் நின்றேன். அது மறைக்கிற அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. தனபால் ரேடியோவைச் சுற்றி வந்து நிதானமாகப் பார்த்தார். "பெட்டியக் குடுங்க சார், கட்டுமரத்துல வச்சிக் கட்டறோம். கடலப் பாக்காமயே பேசுது பாவம், ஒருவாட்டி கண்ணால பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

இரும்புக் குண்டு

பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் நாலைந்து பேர் எங்கள் ஊரில் உண்டு. பூங்காவின் செம்மண் மூலையில் அவர்கள் தினமும் பிரெஞ்சுக்காரர்களிடம் பழகிய இரும்புக் குண்டை ஒரு சின்னக் கட்டையைக் குறிவைத்து வீசி விளையாடுவார்கள். அறுபத்திரண்டில், இந்தியாவோடு இணைப்புப் பத்திரமெல்லாம் முடிந்த சமயம், நகரத்திலிருந்து ஒரு அதிகாரி சோதனைக்கு வந்தார். குண்டு விளையாட்டைக் கண்டதும் முகம் சுளித்தார். "இது எந்த நாட்டு விளையாட்டு? இதை எடுத்துவிட்டுப் பூச்செடி வையுங்கள்" என்றார். கிழவர்களுக்குப் போக வேறு இடமில்லை.

சொல்தா சின்னசாமி விறைப்பாக நின்று சலாம் வைத்தார். 'ஐயா' என்பதற்கு அவர் வாயில் இன்னும் 'முசியே'தான் வரும். "குண்டு இரும்பு, தரை நம்ம செம்மண்ணு, ஆடறவங்க செலியமேடு. எந்த நாடுன்னு நீங்களே சொல்லுங்க முசியே" என்று ஒரு குண்டை அவர் கையில் வைத்தார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீசிப் பார்த்தார். குண்டு காசியின் பூவாளியில் போய் மோதியது. மறுபடி வீசினார். ஐந்து முறையும் தவறியது. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஆறாவது குண்டைக் கேட்டார். பூச்செடிப் பேச்சு அதோடு போயிற்று. சின்னசாமி குண்டைத் துடைத்துக் கொடுத்தபடியே ஆறுதலாகச் சொன்னார்: "பரவால்ல முசியே. சர்க்காரு மாறினா கை படியறதுக்குக் கொஞ்ச நாளாவும்."

இந்த எட்டு வருடத்தில் நான் போட்ட அட்டவணைப்படி பூங்காவில் தவறாமல் நடந்தது சூரிய அஸ்தமனம் ஒன்றுதான்.