பக்கத்து நாற்காலி வேலை

என் வேலையைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "வக்கீலா?" இல்லை. முதியோர் இல்லம், பகல்நேரப் பராமரிப்பு மையம் என்று பெங்களூர் முழுக்க அலைகிறேன். அங்கே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்பதை நிர்வாகமும் குடும்பமும் காது கொடுத்துக் கேட்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லத்துக்கும் நான் ஆள் இல்லை, குடும்பத்துக்கும் இல்லை. இரண்டு பக்கமும் முறைப்பார்கள். சிக்னலில் நிற்கும் ஆட்டோவுக்குள் கால் ஆட்டிக்கொண்டே பாதி வாழ்க்கையைக் கழிப்பவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

செல்வம் பேசினார்

சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருந்தவர் செல்வம். பக்கவாதம் வந்தபின் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க நேரமாகும். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டார். அண்ணனைத் தினமும் மையத்தில் விட்டுப் போவார். ஒருநாள் அவரைப் பற்றிப் பேச மையத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். செல்வம் வாயைத் திறந்தாலே மேனேஜரும் தம்பியும் ஆளுக்கொரு விதமாக அவர் வாக்கியத்தை முடித்து வைத்தார்கள்.

"அவரே சொல்லட்டும் சார்" என்றேன். அறை அமைதியானது. அந்த அமைதியை என்னாலேயே தாங்க முடியவில்லை. அடுத்து ஊரின் மறுகோடியில் பீன்யாவுக்குப் போக வேண்டும். போனைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். "கடை..." என்றார் செல்வம். "கடைக்குப் போகணுமா சார்?" என்று பாய்ந்துவிட்டேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு தானே சொல்லி முடித்தார்: பாதி நாளாவது கடையில், கல்லா பக்கத்தில் உட்கார வேண்டும். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். வெளியே வரும்போது செல்வம் என்னிடம், "மெதுவா... வர்றது... என் பேச்சும்மா. உங்களுக்கு ஏன்... மூச்சு வாங்குது?"

தாழ்ப்பாள்

ஃபிலோமினா ஆன்ட்டி, ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பவர். யாராவது விழுந்துவிட்டால் திறக்க முடியாது என்று அங்கே எல்லா அறையிலும் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். ஆன்ட்டி புடவை மாற்றும்போதுகூட யாராவது நுழைந்துவிடுவார்கள். அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் போடச் சொல்லி நடையாய் நடந்தோம். கடைசியில், "ஆயித்து மேடம், சரி, போட்டுத் தர்றேன்" என்றார் மேனேஜர்.

அடுத்த வாரம் அவரே போன் செய்தார். ஆன்ட்டி கதவைத் திறப்பதே இல்லையாம். பதறிப்போய் ஓடினேன். தட்டினேன், சாவகாசமாகத் திறந்தார். "உள்ளே என்ன ஆன்ட்டி பண்றீங்க?" "ஒண்ணும் பண்ணலம்மா. யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சு சும்மா உக்காந்திருக்கேன்."

லட்சுமி போனாள்

ஜீவனஹள்ளி லட்சுமிக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. பெற்றோர் போனபின் அவளை வளர்த்தது அக்காதான். அக்கா வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும், லட்சுமியையும் கூட்டிப்போக அக்கா மூட்டை கட்டத் தொடங்கினாள். லட்சுமியோ, காகிதப்பை செய்யும் இடத்தில் தன்னோடு வேலை செய்யும் பெண்கள் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறேன் என்றாள். அக்காவிடம் அதை அவளே சொல்லி முடிக்கும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "குடும்பத்தைப் பிரிக்கவா வந்தே?" என்று அக்கா கத்தினாள்.

முதலில் அந்த இல்லத்தில் சில நாள் தங்கிப் பார்த்தாள், பிடித்திருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, சமையலறையில் அக்கா அழும் சத்தம் கேட்டது. ஆட்டோ வரை கூடப் போன என்னை லட்சுமி திருப்பி அனுப்பினாள்: "எனக்குப் பேச நீங்க இருந்தீங்க மேடம். அக்காவுக்கு யாரு இருக்கா? போய் அவகூட உக்காருங்க."

ஊரில் யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரிப்பதில் தேறிவிட்டேன், என் வீட்டில் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் மட்டும், இரண்டு நாள் என்னை யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.