கிளச்சில் பிழை இல்லை

கொழும்புத்துறையில் வாடகைக்கார் ஓடும் அண்ணை ஒருவர், கிளச் கல்லுமாதிரி இறுகிவிட்டது என்று தன் பழைய காரை என் கராச்சுக்குக் கொண்டுவந்தார். திருத்த முடியாவிட்டால் ஓட்டத்தையே விடவேண்டியதுதான் என்றார். நான் மிதித்துப் பார்த்தேன், இலேசாகத்தான் போனது. கியரும் சத்தமில்லாமல் விழுந்தது. ஆனால் அவர் இறங்கும்போது இடது முழங்காலைப் பிடித்ததைக் கண்டிருந்தேன்.

சொல்லக் கூச்சமாக இருந்தது. கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். எட்டி மிதிக்கத் தேவையில்லாதபடி சீற்றை முன்னுக்குத் தள்ளிப் பூட்டினேன். அவர் ஏறி மிதித்தார்.

"இப்ப சுகமாப் போகுது. கேபிள்தானே பிழை?"

"இல்லை அண்ணை," என்றேன், கையைத் துடைத்தபடி. "முழங்காலை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

"இதைத்தான் வீட்டிலை மனிசியும் சொல்லுறா. நீயாவது கிளச்சிலை பிழை எண்டு சொல்லுவாய் எண்டு நம்பி வந்தன்," என்று சிரித்தார்.

தெருவில் ஏறியதும் கார் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது.