டபுள் கெப் இருந்த இத்தா

சாய்ந்தமருதில் எந்த வண்டிக்காரனைக் கேட்டாலும் மசூரின் கராஜைக் காட்டுவான். அந்தக் கராஜின் பாதி வேலை பின்பக்கத்தில், தகர மறைப்புக்கு அப்பால் வீட்டு முற்றத்தில் நடக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. கழற்றிய சாமான்களை மசூர் தகர இடைவெளியால் உள்ளே நீட்டுவான். அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி ஸைனம்பு வாங்கி, கழுவி, துடைத்து, அதே இடைவெளியால் திருப்பி நீட்டுவாள். மசூரின் கைநேர்த்தி என்று ஊர் புகழ்ந்ததில் ஒரு பங்கு அவளுடையது. அதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை.

கராஜ் முதலில் அவளுடைய கணவன் மீராமுகைதீனுடையது. மீரா பாஸ் என்றால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை தெரியும். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டியை நிறுத்துவதானாலும் அக்சிலேட்டரை இரண்டு தரம் மிதித்து, உறும விட்டுத்தான் திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைப்பார். காபரேட்டர் காலத்து ஆட்களின் பழக்கம் அது. "சும்மா பெற்றோல் நாசம் மச்சான்" என்று மசூர் முணுமுணுப்பான். "போடா, அது ஒன்ட ராத்தாவுக்கு நான் சொல்லுற சலாம்" என்பார் மீராமுகைதீன். உள்ளே அந்த இரண்டு உறுமலும் கேட்டதும் ஸைனம்பு தேத்தண்ணிக்கு அடுப்பில் கேத்திலை வைப்பாள்.

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில், கடற்கரை வீதியில் மீன் லொறியொன்று ஸ்டார்ட் வராமல் நிற்கிறது என்று ஆள் வந்தது. தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் கடல் ஊருக்குள் வந்தது. மூன்றாம் நாள் லொறி கிடைத்தது, பொனெட் திறந்தபடி. அவர் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களையெல்லாம் பெரிய கபுறுக் குழிகளில் ஒன்றாக அடக்கினார்கள். முகம் பார்த்து அடக்கியதும் உண்டு, பார்க்க முகம் இல்லாமல் அடக்கியதும் உண்டு.

சொந்தக்காரப் பெண்கள் வெள்ளைத் துணியோடு வந்தார்கள். கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல், பிற ஆண்கள் முன்னே வராமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதுதான் இத்தா. ஸைனம்பு வெள்ளைத் துணியைத் தொடவில்லை.

"மையித்து எங்க? மையித்தக் காட்டுங்க, இருக்கிறன்" என்றாள்.

உடலை யாரால் காட்ட முடியும்? வந்தவர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது அல்லவா, ஊர் பேசியது. பேசிப் பேசி அதுவும் களைத்துவிட்டது. ஸைனம்பு களைக்கவில்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவருடைய ஆயுளுக்காகக் கையேந்தி, "யா அல்லாஹ், அவர்ட ஹயாத்த நீளமாக்கு" என்று கேட்டாள். செத்தவருக்குக் கேட்கும் துஆவை அவள் வாய் ஒருநாளும் சொல்லவில்லை.

கராஜ் வாசலில் வண்டி ஒன்று வந்து நிற்கும்போதெல்லாம் அவள் கை வேலையில் நின்றுவிடும். எஞ்சின் ஓயும்வரை காது அங்கேயே இருக்கும். உறுமல் இல்லாமல் ஓய்ந்தால் மறுபடி தேய்க்கத் தொடங்குவாள். இப்படி நாலு வருடத்துக்கு மேல் போனது. கடலுக்குப் பிறகு ஊருக்குள் நிவாரண நிறுவனங்களின் புதுப் புது வண்டிகள் வந்தன. எல்லாம் கொம்பியூட்டரில் ஓடுபவை. அவற்றை உறும விட்டு நிறுத்துவார் எவருமில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் உலகத்திலேயே அருகிப் போய்விட்டது. அது அவளுக்குத் தெரியுமா என்றால், தெரியும்.

வடக்கில் சண்டை முடிந்த வருடம், மகள் பஸ்லியாவுக்கு மருதமுனையிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல பொடியன், பள்ளிக்கூட மாஸ்டர். பஸ்லியாவுக்கும் பிடித்திருந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்குள் பாட்டு முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள். எல்லாம் ஒரு சொல்லில் வந்து சிக்கியது. நிக்காஹுக்குப் பெண்ணின் வாப்பாதான் வலியாக, அவளைக் கொடுக்கும் பொறுப்பாளராக நிற்க வேண்டும். வாப்பா மௌத்தாகியிருந்தால் வாப்பாவின் காக்கா, அவருடைய அண்ணன் நிற்பார். கலியாணப் பத்திரிகையில் வாப்பாவின் பெயருக்கு முன்னால், இறந்தவர் என்று காட்ட, 'மர்ஹூம்' என்று போடுவதா, வேண்டாமா? மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஸைனம்பு, "பொறுங்க" என்றாள். மறுபடி கேட்டார்கள். மறுபடியும், "பொறுங்க." இந்தக் கிழமைக்குள் பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பதாகக் கடைசியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பஸ்லியா உம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு மட்டும் நின்றுபோனது. பிள்ளை அழுதிருந்தால் ஸைனம்பு அதட்டியாவது இருப்பாள். அந்த மௌனத்தை அவளால் தாங்க முடியவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் அவரைத் தன் வாயாலேயே கொன்றதாகிவிடும். சொல்லாவிட்டால் பிள்ளையின் வாழ்வு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து வெந்தாள்.

அந்தக் கிழமையில்தான் காரைதீவு அழகரெத்தினம் தன் டபுள் கெப்பைக் கொண்டுவந்தார். நிவாரண நிறுவனமொன்று போகும்போது விற்றுவிட்டுப் போன, பின்பக்கம் திறந்த பெற்றோல் வண்டி அது. மே மாதம் சண்டை முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்தியபோது, தமிழ் ஊரான காரைதீவுப் பக்கம் சத்தமே இருக்கவில்லை. அழகரெத்தினத்தின் மகள் உசாந்தினி கிளிநொச்சியில் கலியாணம் முடித்தவள்; கடைசிச் சண்டையோடு எந்தத் தகவலும் இல்லை. இப்போது, சண்டைக்குள்ளிருந்து வந்தவர்களை வைத்திருந்த வவுனியா முகாமில் அவளைக் கண்டதாக யாரோ ஒருவர் சொல்லியிருந்தார்.

"ஆமிச் சென்றியில சோதிக்க நிப்பாட்டினாப் போதும் மசூர், எஞ்சின் நிண்டு போகுது" என்று அவர் சொல்வது தகரத்துக்கு இப்பால் கேட்டது. "திரும்ப ஸ்டார்ட் வாறதுக்குள்ள அவனுகள் துவக்கத் தூக்கிறானுகள். இந்த வண்டியோட வவுனியா மட்டும் எப்பிடிப் போற?"

"த்ரொட்டில் அடைச்சிரிக்கி, அண்ணன். கழட்டித் துப்பரவாக்கினாச் சரி. இரிங்க."

சற்று நேரத்தில் அது ஸைனம்புவின் கைக்கு வந்தது. எஞ்சினுக்குள் காற்றுப் போகும் குழல் வாய். நடுவில் வட்டத் தகடு ஒன்று. மிதிக்கும்போது அது திறந்து காற்றை விடும், விட்டால் மூடும். மூடும் இடத்தில் விளிம்பைச் சுற்றிக் கரி, தோசைக்கல்லில் பிடித்தது போல. பக்கத்தில் சிறு மோட்டார்ப் பெட்டி. அதில் ஈரம் படக்கூடாது. தகட்டைக் கையால் அமுக்கித் தள்ளக்கூடாது, உள்ளே பல்லுச் சில்லு உடைந்துவிடும். அவள் மருந்தைச் சாமானில் நேரே அடிக்காமல் துணியில் அடித்து, கரி ஊறும்வரை விட்டுவிட்டு, பழைய பல் தூரிகையால் விளிம்பை ஒற்றி ஒற்றி எடுத்தாள். கரி போன இடத்தில் பித்தளை நிறம் தெரிந்தது. அவள் மனம் முழுக்க அந்த ஒரு சொல்லிலேயே இருந்தது. சொல்லிப் பார்ப்போமா என்று உதடு அசைத்துப் பார்த்தாள். முதல் எழுத்துக்கு மேல் போகாமல் தூரிகையை மறுபடி எடுத்தாள்.

துடைத்து நீட்டிவிட்டாள். பின்னேரத் தொழுகையான அசருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அழகரெத்தினம் வேறு நிலைகொள்ளாமல் உலாத்திக்கொண்டிருந்தார். மசூர் அவசரத்தில் பூட்டினான், அவசரத்திலேயே திறப்பைத் திருப்பினான்.

எஞ்சின் ஒரு தரம் உறுமியது. தணிந்தது. இன்னொரு தரம் உறுமியது. ஓய்ந்தது.

ஸைனம்புவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. தகர மறைப்பைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். முக்காடு எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. ஆண்கள் நடமாடும் கராஜின் நடுவில், அவிழ்ந்த தலையோடு, "கேத்தில் வெச்சிட்டன்!" என்று கத்திக்கொண்டு போய் டபுள் கெப்பின் கதவைப் பிடித்தாள். உள்ளே தம்பி உட்கார்ந்திருந்தான்.

 அழகரெத்தினம் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பஸ்லியா ஓடிவந்து உம்மாவின் தலையைத் தன் தாவணியால் மூடினாள். ஸைனம்பு கதவிலிருந்து கையை எடுக்காமலே நின்றாள்.

"அவர்தானே?" என்றாள். "ரெண்டு தரம் கேட்டுதே."

"இல்ல ராத்தா." மசூர் இறங்கி வந்தான். "என்ட பிழை. தகட்டில அழுக்குப் போயிட்டு. ஆனா வண்டிட மூளைப் பெட்டிக்கு அது தெரியா. அழுக்கு இன்னும் இரிக்கி எண்டு நினைச்சுத்தான் காத்த விடுது. அதுதான் ஏறி எறங்கி நிக்கிது. பற்றரி வயரக் கழட்டி வெச்சு, பிறகு மிதிக்காம, தொடாம அத அதுட பாட்டில விடோணும். அத நாங்க இத்தா இருக்க..."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தான். கராஜ்காரர்கள் சிரித்துச் சொல்லும் பகிடி அது. த்ரொட்டில் கழுவிய வண்டி 'இத்தாவில் இருக்கிறது' என்பார்கள். ராத்தாவின் காதில் விழாமல் இத்தனை வருடம் காத்துவந்த பகிடி, விழக்கூடாத நேரம் பார்த்து விழுந்துவிட்டது. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

ஸைனம்பு கோபப்படவில்லை. "இத்தா இருந்தா மறந்திருமா?" என்று கேட்டாள்.

மசூர் பொனெட்டைத் தூக்கினான். "மறக்கிறல்ல ராத்தா. இல்லாதது இல்லையெண்டு பழகிற."

சுவரைப் பார்த்தபடியே அழகரெத்தினம் பேசினார். "வெக்கப்படாதீங்க தங்கச்சி. ராவையில நாய் குரைச்சா மகள் எண்டு நானும் ஓடித்தான் போற. எங்கட வீட்டுக்காரி எனக்கு முன்னால ஓடுவா. ஆனா எனக்குப் போய்ப் பாக்க ஒரு இடம் இரிக்கி. இருந்தா இருக்கா, இல்லாட்டி இல்ல. பாத்திட்டு வந்திருவன்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஸைனம்புவுக்கு அது நெஞ்சில் தைத்தது. அவளுக்குப் போய்ப் பார்க்க ஓர் இடமும் இல்லை. கதவிலிருந்து கையை எடுத்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தகரத்துக்குப் பின்னால் போனாள். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. இடைவெளியால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மசூர் பற்றரி வயரைக் கழற்றினான். பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து மாட்டினான். திறப்பைப் பாதி திருப்பிவிட்டு, காலை மிதியிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். பிறகு ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் நடுங்கியது, இப்போதும் நின்றுவிடும் போலிருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் தணிந்து, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. மசூர் திறப்பைத் திருப்பினான். உறுமல் இல்லாமல் ஓய்ந்தது.

"மசூர்" என்றது தகரத்துக்கு அப்பாலிருந்து குரல். "மௌலவிக்கிட்டச் சொல்லு. நான் இத்தா இருக்கப் போறன். அது முடிய நிக்காஹ் வைப்பம். பத்திரிகையில..." குரல் நின்றது.  "பத்திரிகையில மர்ஹூம் மீராமுகைதீன் எண்டு போடு."

உள்ளே பஸ்லியா வாய்விட்டு அழுதாள். வாப்பாவுக்காக அவள் அப்படி அழுவதற்கு இந்த வீட்டில் அதுவரை இடம் இருந்ததில்லை.

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கச் சம்மதித்தார்கள். இத்தாவுக்குப் பொறுக்க மாட்டேன் என்று எந்த முஸ்லிம்தான் சொல்வான்? ஸைனம்பு வெள்ளை உடுத்தி உள்ளறைக்குள் போனாள். சாமான் கழுவும் வேலையை பஸ்லியா எடுத்துக்கொண்டாள். முதல் நாட்களில் வாசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஸைனம்பு தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். பழக்கம் லேசில் விடுமா?

ஒருநாள் பின்னேரம் வண்டி ஒன்று வந்து நின்றது. எஞ்சின் சீராக ஓடி, உறுமாமல் ஓய்ந்தது. டபுள் கெப் என்று தெரிந்தது; தான் கழுவிய சாமானின் ஓசை அவளுக்குத் தெரியாதா? ஒரு கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. அழகரெத்தினத்தின் இருமல். ஸைனம்புவின் விரல் தஸ்பீஹில் நின்றது.

மற்றப் பக்கத்துக் கதவும் திறந்து, சாத்தியது.

"மசூர், மகள்" என்றார் அழகரெத்தினம்.  பிறகு ஒரு பெண்ணின் மெல்லிய குரல், தண்ணீர் கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஸைனம்பு. அவருடையது வந்துவிட்டது. தன்னுடையது வராது. எழுந்து தொழுகை விரிப்பான முஸல்லாவில் உட்கார்ந்து கையேந்தினாள். வழக்கமான துஆவுக்கு வாய் திறந்தது. அதை மூடிக்கொண்டு, மறுபடி திறந்தாள்.

"யா அல்லாஹ், அவர்ட பாவத்த மன்னிச்சிரு. அந்தக் கடல அவருக்கு விசாலமான கபுறா ஆக்கிரு."