வேண்டாத லைசன்ஸுக்கு அடித்த ஆணி

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு போன். மும்பை பாண்டுப்பில் முறுக்கு, மிக்ஸர் ஃபாக்டரி வைத்திருக்கும் பேச்சிமுத்து அண்ணாச்சி. தாராவியில் ஒற்றை அடுப்பில் தொழில் தொடங்கியவர். மாட்டுங்காவில் என் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடைக்கு அவர் சரக்குதான் வருகிறது.

"தம்பி, ஒரு லைசன்ஸ் வாங்கணும். நீங்க பேப்பர்ல எழுதுறவுகல்லா... இங்கிலீஷ்ல பேசணும், கூட வாங்க."

"என்ன லைசன்ஸ் அண்ணாச்சி?"

"கேஸ் லைசன்ஸு. வேண்டாம்னு சொல்லுதாக. வேண்டாம்னா எப்படி?"

விஷயம் இதுதான். இப்போது ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்வது அவர் மகள் கௌரி. பக்கத்துக் கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு, ஒருவரிடம் மொத்தமாக கேஸ் வாங்கி, இன்னொருவருடைய பைப்லைன் வழியாக அதை வரவழைக்க ஏற்பாடு செய்துவிட்டாள். பர்னர் மாட்டியாயிற்று. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. அண்ணாச்சியோ அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டேன் என்கிறார்.

ஏன்? லைசன்ஸ் இல்லையே!

பைப்லைனை நடத்துகிறவருக்குத்தான் அனுமதி வேண்டும். அதன் வழியாகத் தனக்கான கேஸை வரவழைத்துக்கொள்ளும் கம்பெனிக்கும் வாடிக்கையாளருக்கும் விலக்கு உண்டு. லாரியில் சரக்கு அனுப்புகிறவர் டிரைவிங் லைசன்ஸா எடுக்கிறார்? கௌரி இப்படித்தான் விளக்கியிருக்கிறாள். அண்ணாச்சி நம்பவில்லை.

சிரிக்காதீர்கள். அவர் ஆபீஸ் சுவரைப் பார்த்தால் உங்களுக்கும் புரியும். உணவு லைசன்ஸ், தராசு முத்திரை, கடை லைசன்ஸ், தீயணைப்பு சர்டிபிகேட் — எல்லாம் ஃபிரேம் போட்டு, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் பக்கத்தில் வரிசையாகத் தொங்கும். ஆயுதபூஜை அன்று சாமி படங்களோடு அவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூச்சரம். தீயணைப்புக்கு மட்டும் சரம் கொஞ்சம் பெரிது... அலையவிட்ட சாமி அல்லவா!

அந்த வரிசையின் கடைசியில் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தார். ஃபிரேமும் வாங்கி வைத்துவிட்டார். உள்ளே வைக்க வேண்டிய லைசன்ஸ்தான் உலகத்திலேயே கிடையாது.

மூவரும் லைசன்ஸ் கொடுக்கும் அரசாங்க ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தேவையில்லை" என்றார்.

"அப்ப தேவையில்லைன்னு எழுதி, சீல் போட்டுத் தரச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி. நான் மொழிபெயர்த்தேன்.

"தேவைப்படாதவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுப்பதென்றால் மும்பை முழுக்கக் கொடுக்க வேண்டும்" என்று சிரித்தார் அதிகாரி.

எனக்கும் சிரிப்பு வந்தது. கௌரிக்கு வரவில்லை. வெளியே வந்ததும் வெடித்துவிட்டாள்.

"அவர்கிட்ட பேப்பராவது கேட்டீங்க. நான் சொன்னத நம்பவே இல்லியேப்பா! பின்ன எதுக்கு ஃபாக்டரிய என் கையில குடுத்தீங்க? பஸ், ஹோ கயா, போதும். எனக்கு வேற வேலை கிடைக்கும். நீங்களே பாத்துக்கோங்க."

ரயிலில் தாதர் வரை மூவரும் மூன்று ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு வந்தோம். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு மனசே சரியில்லை.

யோசித்துப் பாருங்கள். இன்னும் நாலு பேப்பர் கொண்டு வா என்றால் உடனே நம்பிவிடுகிறோம். ஒன்றுமே வேண்டாம், போ என்றால்தான் சந்தேகம் வருகிறது. அதையும் வீட்டுப் பிள்ளை சொன்னால்? கேட்கவே வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியே கூப்பிட்டார். "அடுப்பு பத்த வச்சாச்சு. சூடா முறுக்கு திங்க வாங்க."

போனேன். போகிறேன் என்ற கௌரி, தீபாவளி ஆர்டருக்காக நின்று, சொல்லிச் சொல்லி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் மட்டும் பேச்சில்லை. நான் முதல் முறுக்கைக் கடிக்கும்போது, ஃபைலோடு ஒருவர் உள்ளே வந்தார். ஏதோ சோதனையாம். சுற்றிப் பார்த்துவிட்டு, பர்னரைக் காட்டி, லைசன்ஸ் எங்கே என்று ஹிந்தியில் கேட்டார்: "கேஸ் கா லைசன்ஸ் கிதர் ஹை?"

நான் முறுக்கைக் கீழே வைத்தேன். அண்ணாச்சி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நை லக்தா, சாப்." தேவையில்லையாம்!

"கோன் போலா?" யார் சொன்னது என்கிறார் வந்தவர்.

அந்த அதிகாரியைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மேரி பேட்டி போலி" என்றார் அண்ணாச்சி. "மாலிக் வோ ஹை. உஸ்கோ சப் மாலும்." என் மகள் சொன்னாள், முதலாளி அவள்தான், அவளுக்கு எல்லாம் தெரியும் என்கிறார்!

கௌரி கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து, மராத்தியில் மளமளவென்று விளக்கினாள். வந்தவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வேறு கேள்வி இல்லாமல் போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தால், கௌரி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"புகை, அங்கிள்" என்றாள்.

பைப் கேஸில் ஏதுங்க புகை?