கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த பட்டை

ஆமென் அக்காவை யாராவது அமைதியான பெண் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஜெபம் செய்கிறவர்கள் எல்லாரும் சாந்தமாக உட்கார்ந்திருப்பார்கள் என்பது தள்ளி நின்று பார்க்கிறவர்களின் கற்பனை. எங்கள் அக்காவுக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால், பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவர் கணவர், இவள் இழுத்த இழுப்பில் இதுவரை நாலு பூட்டு போய்ச் சேர்ந்துவிட்டது என்பார்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்துக்குள் வைக்கும் அறையில் எங்களுக்கு வேலை. அவர் பதின்மூன்று வருடம், நான் ஒன்பது. பல வருடங்களுக்கு முன் அவர் கணவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, உள்ளே இருக்கிற கத்தியை யார் கழுவினார்களோ, ஒழுங்காகக் கழுவினார்களோ என்று இவருக்கு உயிரே போய்விட்டதாம். கணவர் தேறி வீட்டுக்கு வந்த மாதமே இங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, கருவி மேசைக்கு வந்து சேர்ந்தார். துணியை மடிக்கும் முன் கருவிகளுக்கு மேலே கையைக் காட்டி, கண்ணை மூடி, அந்தக் கட்டு யாருக்குப் போகுமோ அவருக்காக ஜெபித்துவிட்டு 'ஆமென்' என்பார். அதில் வந்த பெயர்தான்.

அவரிடம் எனக்கு எரிச்சலும் உண்டு. நானும் மாமியாரும் முட்டிக்கொண்ட மறுநாள், என் தண்ணீர் பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: 'இன்று விழுங்கிய ஒரு வார்த்தை, நாளைக்குக் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பு மிச்சம்.' காலையில் சாப்பிடாமல் வந்தால், கர்த்தர் கொடுத்த உடம்பைப் பட்டினி போட்டுவிட்டு என்ன வேலை என்று ஒரு டப்பாவை நீட்டுவார். கவலை இருந்தால் மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொள், ஷிஃப்ட் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி கர்த்தர் கையில் விட்டுவிடு என்பார். அவர் சொன்னதெல்லாம் பலித்துத் தொலைத்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அதனால்தான் மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது தலையாட்டினேன். அக்கா கண்ணை மூடுவதால் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று ஒரு வாரம் கவனித்துச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தவறு நடந்தாலும் மேசையில் ஜெபம் கிடையாது என்று அவர் அக்காவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இது தெரிந்தும் தலையாட்டினேன்.

அந்த வாரத்தின் மூன்றாம் நாள் காலை. அக்காவுக்குப் பத்துக் கட்டு, எனக்குப் பத்து. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு காகிதப் பட்டை வைக்க வேண்டும். நீராவி உள்ளே வரை போனால் வெள்ளைப் பட்டை கறுத்துவிடும். ஆபரேஷன் தியேட்டரில் கட்டைப் பிரிக்கிற நர்ஸ் முதலில் அதைத்தான் தேடுவார். அது இல்லாத கட்டைத் தொடக் கூடாது. இருபது பட்டைகளை எண்ணி, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஸ்டீல் கிண்ணத்தில் போட்டவள் நான்தான்.

கட்டுகள் வெந்து, ஆறி, தள்ளுவண்டியில் மேலே போய்விட்டன. மேசையைத் துடைக்கக் கிண்ணத்தைக் கவிழ்த்தார் அக்கா. ஈரத்தில் அடியோடு ஒட்டிக்கொண்டு ஒரு பட்டை. பார்த்த மாத்திரத்தில், எப்போதும் ஆடும் அவர் கால் இன்னும் வேகமாக ஆடத் தொடங்கிவிட்டது.

எண்ணும்போது இரண்டு சேர்ந்து வந்திருக்கும் என்றேன். சரியாக இருபது என்று நீதானே சத்தமாக எண்ணினாய் என்றார். அது உண்மைதான். கதவு வரைக்கும் போனார், வந்தார், மறுபடி போனார். அவர் மகளுக்கு ஒன்பதாம் மாதம். காலையிலிருந்து மனசு அங்கேயே இருந்தது என்றும், மற்றவர்களுக்காக ஆரம்பித்த ஜெபங்களில் பாதி மகளிடமே போய் முடிந்தது என்றும், விட்டது தான்தான் என்றும் சொன்னார். எனக்கும் அதில் சந்தேகமில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தால் வேறு என்ன ஆகும்?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. "அக்கா, நர்ஸ் பார்த்துக்குவாங்க. நீங்களா போய் மாட்டிக்காதீங்க. அப்புறம் ஜெபத்தையே நிறுத்திடுவார்," என்றேன்.

"மயக்க மருந்து கொடுத்தப்புறம் பிரிச்சுப் பார்த்தா? வேற கட்டு போற வரைக்கும் ஒரு மனுஷன் அப்படியே கிடக்கணும். அவசரத்துல பார்க்காமலே விட்டுட்டா?" டெலிபோனைக் கையில் எடுத்துவிட்டார். "பதிமூணு வருஷமா யாருன்னே தெரியாதவங்களுக்காக ஜெபம் பண்றேன். அதுல ஒருத்தரை இப்ப மேல தனியா விட்டுட்டு, கீழ நின்னு ஆமென் சொல்ல எனக்கு வாய் வராது."

முதலில் தியேட்டருக்குப் பேசினார், பிறகுதான் மேற்பார்வையாளருக்கு. தன் பக்கம் நியாயம் எதுவும் சொல்லவில்லை. அக்காவின் ஒரு கட்டு ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. அதில் பட்டை இருந்ததைப் பார்த்ததாக நர்ஸ் சொன்னார். மிச்சம் பத்தொன்பதும் வண்டியில் திரும்பி வந்தன. மேலே இரண்டு ஆபரேஷன் தள்ளிப் போனது.

மேற்பார்வையாளர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மேசை அருகில் நின்றார். அக்கா தன் கட்டுகளைப் பிரித்தார். முதல் கட்டில் கறுத்த பட்டை இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. ஐந்து, ஆறு என்று பிரித்துக்கொண்டே போனார். ஒன்பதிலும் இருந்தது. நான் மூச்சு விட்டேன். அக்காவோ தன் ஒன்பதையும் மறுபடி முதலிலிருந்து தேட ஆரம்பித்தார். என் கட்டுகள் பக்கம் அவர் பார்வைகூடப் போகவில்லை. என்மேல் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

"அந்தப் பத்தையும் பிரிங்க," என்றார் மேற்பார்வையாளர்.

என் ஏழாவது கட்டில் பட்டை இல்லை. லேபிளில் என் கையெழுத்து.

அது எந்த நிமிடம் என்று சட்டென்று ஞாபகம் வந்தது. அக்கா கண்ணை மூடியிருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தில் வினாடிகளை எண்ணி மணிக்கட்டில் குறித்துக்கொண்டு, அவர் கண்ணைத் திறப்பதற்குள் அவசரமாகத் துணியை மடித்தேன். அவர் எப்போது தவறுவார் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் பட்டையை விட்டுவிட்டேன்.

வெட்கம் காது வரை சுட்டது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அக்கா தன் கட்டுகளுக்குள் இன்னும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சார், தப்பு என்னோடது. அக்கா எவ்வளவு நேரம் ஜெபம் பண்றாங்கன்னு கடிகாரத்தைப் பார்த்துட்டிருந்தேன்," என்று சொல்லி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினேன்.

மேற்பார்வையாளர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கவனிக்கச் சொன்னவரே அவர்தானே. அக்கா என் மணிக்கட்டில் இருந்த எண்களை மேலிருந்து கீழ்வரை படித்தார். அவர் கால் ஆடுவது நின்றிருந்தது. ஒன்பது வருடத்தில் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இதுல எது அந்த ஏழாவது கட்டு நேரத்துது?"

காட்டினேன். நாற்பது வினாடி.

"அது மகளுக்காக இல்ல," என்றார். "உனக்காக. ரெண்டு நாளா உன் முகமே சரியில்லையேன்னு."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு புதுத் துணிகளை எடுத்துவந்து மேசையில் போட்டார். "கையைக் கழுவிட்டு வா. மேல காத்துட்டிருக்காங்க."

சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மை முழுதாகப் போகவில்லை. அந்தக் கையோடுதான் அன்று என் பத்துக் கட்டுகளையும் மறுபடி கட்டினேன். ஒவ்வொன்றிலும் பட்டையை வைத்து அக்காவிடம் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து ஆமென் சொல்லும் வரை துணியை மடிக்கவில்லை.